இரட்டைக் குழந்தைக்கு நார்மலா, சிசேரியனா: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஸ்கேனில் இரண்டு துடிப்பு தெரிந்த அன்று சாயங்காலமே வீட்டில் பிரசவ முறையை முடிவு செய்துவிடுவார்கள். "ரெட்டையா, அப்போ ஆபரேஷன்தான்" என்பது ஒரு கட்சி. "எங்க அம்மா எஸ்டேட் லைன் வீட்டுலயே ரெட்டைப் புள்ளை பெத்தாங்க, ஒண்ணும் ஆகல" என்று மாமியார் இன்னொரு கட்சி. குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த இரண்டு பேச்சும் காதில் விழும். மூன்றாவது மாதத்தில் இதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரே ஒரு வகை இரட்டையைத் தவிர. அது கீழே வருகிறது.

முடிவு ஒரு வரிசையில்தான் வரும். நஞ்சு, அதாவது குழந்தைக்கு உணவு தரும் நச்சுக்கொடி, ஒன்றா இரண்டா என்பது முதலில். கடைசி மாதத்தில் கீழே இருக்கும் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பது அடுத்து. இரண்டாவது குழந்தையைக் கையாளத் தெரிந்த டாக்டர் அந்த நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் இருப்பாரா என்பது அதற்கும் அடுத்து. நீலகிரியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று கூடுதலாக உண்டு, என்னைக் கேட்டால் அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பேச வேண்டும்: எட்டாவது மாதம் பாதியிலிருந்து நீங்கள் எந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள்? நார்மலோ சிசேரியனோ, இரட்டைக்கு வேண்டிய ஆட்களும் கருவிகளும் ஒன்றேதான், அவை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் சொல்வதை இது மாற்றாது.

நஞ்சு ஒன்றா, இரண்டா

வயிற்றுக்குள் ஒவ்வொரு குழந்தையும் ஒரு பனிக்குடத்துக்குள் மிதக்கிறது, தொப்புள்கொடி வழியாக நஞ்சிலிருந்து உணவும் ஆக்சிஜனும் வாங்குகிறது. இரட்டையில் இந்த நஞ்சையும் பனிக்குடத்தையும் பங்குபோடுவதில் மூன்று வகை. ஆளுக்கொரு நஞ்சு, ஆளுக்கொரு பனிக்குடம் என்பதுதான் அதிகம் பார்ப்பது. ரிப்போர்ட்டில் டைகோரியானிக் டையம்னியாட்டிக், சுருக்கமாக டிசிடிஏ என்று இருக்கும். நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு என்பது எம்சிடிஏ. நஞ்சும் ஒன்று பனிக்குடமும் ஒன்று, இரண்டு குழந்தைகளும் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன என்றால் எம்சிஎம்ஏ, இது மிக அரிது.

ஆணும் பெண்ணும் என்றால் இரண்டு கருமுட்டை, ஆகவே நஞ்சும் இரண்டு. ஒரே மாதிரி முகம் உள்ள இரட்டை என்றால் ஒரே நஞ்சு என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியில்லை. ஒரே கருமுட்டை பிரிந்து உருவான இரட்டைகளிலும் ஒரு பகுதிக்கு இரண்டு நஞ்சு இருக்கும், எத்தனை நாளில் பிரிந்தது என்பதைப் பொறுத்தது அது.

இதைப் பார்க்கச் சரியான நேரம் 11 முதல் 14 வாரத்துக்குள். அந்தச் சமயத்தில் இரண்டு பனிக்குடத்துக்கும் நடுவிலுள்ள சவ்வு நஞ்சைத் தொடும் இடத்தைப் பார்ப்பார்கள். அங்கே முக்கோணம் போலத் தடித்திருந்தால் நஞ்சு இரண்டு, மெல்லிய கோடாகப் போய் நேராக முட்டினால் நஞ்சு ஒன்று. மாதம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும், இரண்டு நஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து ஒட்டிக்கொண்டு ஒன்று போலத் தெரியும், அப்போது எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும் அடித்துச் சொல்வது கஷ்டம். அதனால் மலைமேல் இருக்கிறோம், ஸ்கேனுக்கு இறங்கி ஏற ஒரு நாள் கூலி போகும், ஐந்தாவது மாத ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரிப்போர்ட்டில் வெறுமனே "இரட்டைக் கரு, உயிரோடு உள்ளன" என்று மட்டும் இருந்தால், நஞ்சு எத்தனை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். மொத்தக் கர்ப்பத்திலும் இதைவிட முக்கியமான ஒரு வரி இல்லை என்பேன்.

ஏன் இவ்வளவு முக்கியம்? எம்சிஎம்ஏ என்றால் இரண்டு தொப்புள்கொடியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், வலி வந்தால் இறுகிவிடும். அதனால் அதற்குப் பேச்சே இல்லை, 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் என்பதுதான் உலகம் முழுக்க நடைமுறை. மேலே சொன்ன அந்த ஒரு வகை இதுதான்.

எம்சிடிஏ கொஞ்சம் சிக்கலானது. நஞ்சு ஒன்று என்பதால் உள்ளே இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் தொடர்பில் இருக்கும். பத்தில் ஒன்று, அதற்குச் சற்று மேல் என்ற கணக்கில், ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்விடும் நிலை வரலாம். கொடுக்கும் குழந்தை இளைக்கும், அதன் தண்ணீர் வற்றும், வாங்கும் குழந்தையின் இதயம் திணறும். அதனால்தான் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் வரச் சொல்கிறார்கள். காசு பிடுங்கச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிரச்சினை எதுவும் வராமல் போனால், கீழே இருக்கும் முதல் குழந்தையும் தலைகீழாகத் திரும்பியிருந்தால், எம்சிடிஏவிலும் நார்மலுக்கு முயலலாம். 36 வாரம் வாக்கில் பிரசவத்தை முடித்துவிடுவார்கள். டிசிடிஏ என்றால் 37, 38 வாரம் வரை விடுவார்கள், அதற்கு மேல் யாரும் விடமாட்டார்கள், ஏனென்றால் அதன் பிறகு வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடுகிறது. பத்து மாதம் நிறையட்டும் என்று ஒற்றைக் குழந்தைக்குச் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

கீழே இருப்பது எப்படிக் கிடக்கிறது

கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் முதல் குழந்தை என்பார்கள். வழியைத் திறந்து கொடுப்பது அதுதான், ஆகவே அது தலைகீழாக இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. இரட்டைகளில் சுமார் ஐந்தில் நான்கு பேருக்கு முதல் குழந்தை தலை கீழே இருக்கும். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டாவதும் தலை கீழே, மீதிப் பேருக்கு இரண்டாவது குழந்தை பிட்டம் கீழாகவோ குறுக்கேயோ கிடக்கும்.

முதல் குழந்தையின் பிட்டமோ காலோ கீழே இருந்தால், அல்லது அது குறுக்கே கிடந்தால், சிசேரியன். இதில் வாதாட வேண்டாம். முதல் குழந்தை உடம்பு வெளியே வந்தபின் தலை மாட்டிக்கொள்ளலாம், இரண்டாவதின் தலை கீழே இருந்தால் இரண்டு தாடையும் கொக்கி போட்டது போலச் சிக்கிக்கொள்வதும் மிக அபூர்வமாக நடக்கும், நடந்தால் மீட்பது பெரும்பாடு.

இரண்டாவது குழந்தை குறுக்கே இருக்கிறது, அதனால் சிசேரியன் என்று சொல்வதில்தான் விவாதத்துக்கு இடம் இருக்கிறது. முதல் குழந்தை வெளியே வந்ததும் உள்ளே திடீரென்று நிறைய இடம் கிடைக்கிறது, இரண்டாவது புரண்டு படுக்கிறது. தலை கீழே இருந்தது குறுக்கே வரலாம், குறுக்கே இருந்தது தலை கீழே வரலாம். அதனால் இரண்டாவதின் கிடப்பை மட்டும் வைத்து முன்கூட்டி முடிவெடுப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. அதன் எடையைப் பார்ப்பார்கள்: ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இருக்கிறதா, முதல் குழந்தையைவிட ரொம்பப் பெரியதா என்று. பெரியதாக இருந்து பிட்டம் கீழே இருந்தால் தயக்கம் நியாயமானதே.

இன்னொன்று, 28 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் தலை மேலே இருக்கிறது என்று பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருப்பவர்களுக்கு: அந்த ஸ்கேனைக் கிடப்புக்காகப் பார்க்காதீர்கள். 34, 36 வாரத்தில் பார்ப்பதுதான் கணக்கு.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

நார்மலா சிசேரியனா என்ற கேள்விக்கு 2013இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 25 நாடுகளில், முதல் குழந்தை தலை கீழே இருந்த சுமார் 2,800 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திட்டமிட்ட சிசேரியன், மறு பாதிக்குத் திட்டமிட்ட நார்மல் என்று வைத்துப் பார்த்தார்கள். குழந்தை இறப்பு அல்லது பெரிய பாதிப்பு சிசேரியன் பக்கம் 2.2 சதவீதம், நார்மல் பக்கம் 1.9 சதவீதம். அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோதும் வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் கேட்டு உடனே "பாத்தீங்களா, நார்மலே போதும்" என்று கிளம்பிவிடக் கூடாது. நார்மலுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களில் 100க்கு 44 பேர் கடைசியில் சிசேரியனில்தான் முடித்தார்கள். சுமார் 4 பேருக்கு முதல் குழந்தை நார்மலாகப் பிறந்து இரண்டாவதுக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டி வந்தது. பெண்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், கீழேயும் வலி மேலேயும் தையல் என்று. பயம் நியாயம், ஆனால் 25இல் ஒருவருக்கு என்பதையும் தெரிந்துகொண்டு பயப்படலாம். பிரான்சில் 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆயிரக்கணக்கான இரட்டைப் பிரசவங்களைப் பார்த்தார்கள். அங்கே முக்கால்வாசிப் பேர் நார்மலுக்குத் திட்டமிட்டார்கள், அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு இரண்டு குழந்தைகளும் நார்மலாகவே பிறந்தன. ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரி கர்ப்பம், ஏன் இவ்வளவு வித்தியாசம்? இரண்டாவது குழந்தையை எடுக்கும் பழக்கம் அந்த நாட்டு டாக்டர்களிடம் இன்னும் விட்டுப்போகாமல் இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது குழந்தை வரும் அந்த நேரம்

முதல் குழந்தை பிறந்து, கொடியைக் கட்டி வெட்டிக் குழந்தை டாக்டர் கையில் கொடுத்ததும், பெரும்பாலும் வலி கொஞ்சம் அடங்கும். இரட்டைப் பிரசவத்தின் கடினமான பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து இரண்டாவது குழந்தை குறுக்கே ஓடாமல் பிடித்துக்கொள்வார். லேபர் ரூமுக்குள்ளேயே இருக்கும் ஸ்கேன் மெஷினை வைத்து எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். துடிப்பு சரியாக இருக்கிறதா என்று விடாமல் கேட்பார்கள். வலி திரும்பாவிட்டால் டிரிப்ஸில் ஆக்சிடோசின் ஏற்றுவார்கள். தலை கீழே இருந்தால் அது இறங்கும்வரை பனிக்குடத்தை அவசரப்பட்டு உடைக்கமாட்டார்கள், ஏனென்றால் தலை இறங்காமல் இருக்கும்போது தண்ணீர் உடைந்தால் கொடி முந்திக்கொண்டு கீழே நழுவலாம். குறுக்கே கிடந்தால் வெளியிலிருந்து அழுத்தித் திருப்பப் பார்ப்பார்கள், அல்லது அனுபவமுள்ள டாக்டர் கையை உள்ளே விட்டுக் கால்களைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து எடுப்பார். கேட்கவே கலக்கமாக இருக்கும், ஆனால் தெரிந்த கையில் இது சில நிமிட வேலை. இதற்காகத்தான் இரட்டைக்கு முதுகில் எபிடூரல் (வலி தெரியாமல் மரக்கவைக்கும் மருந்துக் குழாய்) போட்டுவிடுவது நல்லது என்கிறார்கள், திடீரென்று ஆபரேஷன் என்றாலும் அதே குழாயில் மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த நிமிடங்களில் நஞ்சு முன்கூட்டியே பிரியலாம், கொடி நழுவலாம், கர்ப்பப்பை வாய் மறுபடி சுருங்கலாம். வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது வந்துவிட்டால் நல்லது என்று பார்ப்பார்கள், துடிப்பு நன்றாக இருந்தால் இன்னும் பொறுப்பதும் உண்டு. எதுவாக இருந்தாலும் பக்கத்திலேயே ஆபரேஷன் தியேட்டர் திறந்திருக்க வேண்டும், மயக்க மருந்து டாக்டர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து வரும் வழியில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு குழந்தை டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ வேண்டும்.

"இரண்டாவது குழந்தை கால் கீழே வந்தால் எடுத்துப் பழக்கம் இல்லை, அதனால் சிசேரியனே செய்துவிடலாம்" என்று ஒரு டாக்டர் நேராகச் சொன்னால் அவரை மதியுங்கள். அவர் உண்மையைச் சொல்கிறார். பழக்கம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்தி நார்மல் பார்க்க வைப்பதைவிட ஆபத்தான வழி வேறில்லை. நார்மல்தான் வேண்டும் என்று மனதில் இருந்தால் பழக்கமுள்ளவர் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும், அது அனேகமாக நிறையப் பிரசவம் நடக்கும் பெரிய ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும். மறுபுறம், டிசிடிஏ, முதல் குழந்தை தலை கீழே, எடையெல்லாம் சரி, பெரிய ஆஸ்பத்திரி, அப்படியிருந்தும் காரணமே சொல்லாமல் "ரெட்டைன்னா சிசேரியன்தான்மா" என்றால், ஏன் என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மொத்தப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36. இந்த ஊரில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி மலைக்கு வருவோம்

மேலே சொன்ன ஆட்கள் எல்லோரையும் ராத்திரி இரண்டு மணிக்கும் வைத்திருக்கும் இடம் நீலகிரியில் எத்தனை? ஊட்டியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நிலைமையை நிறையவே மாற்றியிருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் சிக்கல் என்றாலே கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒற்றைப் பிரசவத்துக்கு அருமையான இடம், இரட்டைக்கு அது இடமே இல்லை, அங்குள்ள டாக்டரே அதைத்தான் சொல்வார். செக்கப், தடுப்பூசி, இரும்புச் சத்து மாத்திரை, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பதிவு எல்லாம் அங்கே. பிரசவம் வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர்தான், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து இன்னும் கூட, ஆனால் வளைவுகளும் மூடுபனியும் சேர்ந்தால் அந்த 50 சமவெளியின் 50 கிடையாது. மழை எந்தப் பக்கம் எப்போது என்பதும் ஒரே மாதிரி இல்லை. கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தது, நாள்கணக்கில் பாதை அடைபட்டது எல்லாம் இந்தப் பக்கம்தான். உங்கள் தேதி எந்த மாதத்தில் விழுகிறது, உங்கள் வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்று சேர்த்துப் பாருங்கள். குன்னூர், மேட்டுப்பாளையம் பாதை பர்லியாறு பக்கத்தில் அடைத்தால் கோத்தகிரி வழி, அதுவும் அடைத்தால் காத்திருக்க வேண்டியதுதான். கூடலூர்ப் பக்கத்துக்காரர்கள் கேரளாவில் வயநாட்டுக்கும் பெரிந்தல்மண்ணாவுக்கும் போவதைக் குறை சொல்லவே முடியாது, சில சமயம் அதுதான் கிட்டத்தில் இருக்கும் பெரிய இடம்.

இங்கே பலர் நினைப்பது, தேதி குறித்து சிசேரியன் வைத்துக்கொண்டால் இந்தக் கவலையெல்லாம் இல்லை, முந்தின நாள் காரில் இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன என்பதுதான் இடைஞ்சல். 38வது வாரம் புதன்கிழமை என்று குறித்துவைத்தவருக்கு 35வது வாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தண்ணீர் உடையும். அப்போது சிசேரியன் செய்வதற்கும் அதே தியேட்டர், அதே மயக்க மருந்து டாக்டர், போதாததற்குக் குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவு, அதுவும் இரண்டு இடம் காலியாக. ஆகவே எந்த முறை என்று முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, 34 வாரத்துக்குள் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு வீட்டுக்கு மாறிவிடுவதுதான் என் பார்வையில் பெரிய முடிவு. தாய்வீடு மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ கோவையிலோ இருந்தால் வளைகாப்பு முடிந்ததும் அங்கேயே இருந்துவிடலாம், ஊட்டி டவுனில் சித்தி வீடு இருந்தால் அங்கே. சொந்தம் யாரும் இல்லாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, ஆஸ்பத்திரியில் முன்பே சேர்ந்து காத்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். மலைக் கிராமத்துப் பெண்களுக்கு அப்படிச் செய்து கொடுப்பது உண்டு. தோட்ட வேலைக்குப் போகும் வீட்டில் இதைச் சொன்னால், மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் தேடத்தான் வேண்டும், ஐந்தாவது மாதத்திலேயே ஆரம்பித்தால் கிடைக்கும்.

34 வாரத்துக்கு முன்பே வலி பிடித்தால் வீட்டில் பொறுத்துப் பார்க்க வேண்டாம், 108க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகள் வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய இடத்துக்கு மாற்றுவது, பிறந்தபின் இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளை ஆம்புலன்ஸில் இறக்குவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. நுரையீரல் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அது வேலை செய்ய ஒரு நாளாவது கிடைத்தால் நல்லது, அதனால் சீக்கிரம் போய்ச் சேருவதில் லாபம் இருக்கிறது.

ரத்தம் பற்றி ஒன்று. இரட்டையில் கர்ப்பப்பை அதிகம் விரிந்திருப்பதால் பிரசவத்துக்குப் பின் சரியாகச் சுருங்காமல் ரத்தம் போகும் வாய்ப்பு கூடுதல், நார்மலிலும் சரி சிசேரியனிலும் சரி. ஹீமோகுளோபின் 11 கிராம் இருந்தால் போதும் என்பது சமவெளிக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்த உயரத்தில் உடம்பு இயல்பாகவே கூடுதலாக ரத்தம் ஊறவைக்கும், அதனால் 11 என்று வந்தாலும் இங்கே அதைக் கொஞ்சம் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தக் குறைபாடு இருப்பதை 1952இலேயே கண்டுபிடித்தார்கள்; இந்தியாவில் அது முதலில் தெரிய வந்தது இந்த மலையில்தான். பணியர், குறும்பர், இருளர் வீட்டுப் பெண் இரட்டையைச் சுமந்தால் அந்தச் சோதனையை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும், இருக்கிறது என்றால் பிரசவ இடத்தைப் பற்றிய பேச்சுக்கு மூன்றாவது மாதத்திலேயே முடிவு வந்துவிட வேண்டும்.

சிசேரியன் என்றே ஆனால்

அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் அது ஒன்றும் சும்மா ஜிப் திறந்து மூடுவது கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். தையல் ஆற ஆறு வாரம், சீழ் பிடிக்கலாம், காலில் ரத்தம் உறையலாம், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தையலில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடும். இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை எடை போட வேண்டும், இத்தோடு போதும் என்பவர்களுக்கு இது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்காது. நம் வீடுகள் பாதி சரிவில் இருக்கின்றன, ரோட்டிலிருந்து வாசலுக்கு முப்பது நாற்பது படி. வயிற்றுத் தையலோடு, கையில் ஒரு குழந்தை, பின்னால் வருபவர் கையில் இன்னொன்று என்று ஏறுவதை நினைத்துப் பாருங்கள். முதல் ஒரு மாதம் படி இல்லாத வீட்டில் தங்க முடிந்தால் நல்லது. ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் இரட்டைக்கு நம் ஊரில் பெரும்பாலும் மறுபடி சிசேரியன்தான் சொல்வார்கள், மலையிலிருந்து வருபவர்களுக்கு அது சரியான யோசனை என்றே எனக்கும் படுகிறது.

நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு: டாக்டர் சொன்ன வாரத்துக்குள் எந்த நாள், எந்த மணி என்று ஜோசியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. நட்சத்திரத்துக்காக ஒரு வாரம் முன்னால் இழுக்காதீர்கள். வலி எதுவும் வராமல் 36வது வாரத்தில் வெளியே எடுத்த குழந்தை மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் அந்த நட்சத்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

செலவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அரசு ஆஸ்பத்திரியில் நார்மலும் சிசேரியனும் இலவசம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு பிக்மி எண் வாங்கியிருந்தால் விண்ணப்பிக்கலாம்.

34 வாரத்து செக்கப்பில் டாக்டரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். நஞ்சு எத்தனை, முதல் குழந்தை தலை கீழேயா, எடை வித்தியாசம் எவ்வளவு. நார்மல் என்றால் இரண்டாவது குழந்தை குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள், அதை இந்த ஆஸ்பத்திரியில் யார் செய்வார், அவர் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பாரா. என் ரத்த குரூப் இங்கே இருப்பு உண்டா. குறைமாதத்தில் பிறந்தால் இரண்டு குழந்தைகளையும் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, ஒன்றை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா. கடைசிக் கேள்விக்கு "ஒன்றை அனுப்ப வேண்டி வரலாம்" என்று பதில் வந்தால் அந்த வேறு இடத்துக்கே நேராகப் போய்விடலாமா என்று அப்போதே பேசிவிடுங்கள், தாய் ஒரு ஊரில் குழந்தை ஒரு ஊரில் என்று கிடந்தால் பால் கொடுப்பதே பெரும் போராட்டமாகிவிடும். 36 வாரத்து ஸ்கேனில் முதல் குழந்தை புரண்டிருந்தால் இதையெல்லாம் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்று நம்பி இருக்க வேண்டாம், பர்லியாறு வளைவில் சிக்னல் இருக்காது, சார்ஜும் இருக்காது.